மனைப்பேறும் முன்னேற்பாடும்

மக்கட்பேறு மனையின்கண் நிகழ்வதே பன்னெடுங்காலம் உலக வழக்காக இருந்தது. பேற்றிற்கெனத் தனி மருத்துவமனை சென்னையில் 1844ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் பின்னரும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் மகளிருள் பெரும்பாலோர் தாய்வீட்டிலேயே ஈன்றனர். இற்றை நாளில் இந்நிலை முற்றும் மாறியுள்ளது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுப் பேறுகளுள் நூற்றுக்கு 99.6 மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன எனக் கூறுகிறது.

எனினும், மனையின்கண் மருத்துவர் உதவியும் செவிலியர் உதவியும் இன்றி ஈனுதலே தமிழ் மரபு எனக் கூறுவார் ஒரு சாரார் அண்மைக் காலத்தே தோன்றியுள்ளனர். 2018ஆம் ஆண்டு சூலைத் திங்களில், இணையத்தில் வெளியான காட்சிகளைத் துணையாகக் கொண்டு திருப்பூரில் மனையிலேயே நிகழ்த்தப்பெற்ற ஒரு பேற்றில் தாய் உயிர் நீத்தாள். மரபு என்னும் சொல் ஓர் உயிரோடு தொடர்புடையதாகிவிட்ட இடத்து, அச் சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்துதல் தமிழாய்வார் கடமையாகின்றது. ஆகவே, நிறைசூல் எய்திய மகளிர்க்கு மனையில் செய்யப்பெறும் ஏற்பாடுகளைப் பற்றி நம் இலக்கியமும் வழக்கும் கூறுவன யாவை, அவற்றுள் இன்று கொள்ளத்தக்கன யாவை, தள்ளத்தக்கன யாவை என்பனவற்றை இக் கட்டுரையின்கண் ஆராய்வாம்.

சொற்கள் காட்டும் நிலை

ஒரு பொருளை நுணுகி நோக்கிய மக்களே அப் பொருளின் படிநிலைகளுக்குத் தனித்தனிச் சொற்களைப் படைப்பர். கரு, சூல், நிறைசூல், கடுஞ்சூல், வயா, புனிறு எனப் பேறு பற்றிய சொற்கள் தமிழில் பலவாகும். வயா என்பது வேட்கை மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல் என்றும், புனிறு என்பது ஈன்ற அணிமையைக் குறிக்கும் என்றும் தொல்காப்பிய உரியியல் கூறும். ஈன்ற சின்னாட்களைத் தனியொரு சொல்லால் வரையறுத்தமை, அந் நாட்கள் தனிக் காவலுக்கு உரியன என அவர் உணர்ந்தமையைப் புலப்படுத்தும்.

குறுந்தொகை 287ஆம் பாட்டு, நீர் முகந்து அசைந்து வரும் கார்மேகத்திற்குக் கடுஞ்சூல் மகளிரை உவமையாக்குகிறது. பொறை மிகுதியால் நடக்க இயலாமையும், புளிச்சுவையில் செல்லும் வேட்கையும் அதன்கண் கூறப்படுகின்றன. புறநானூறு 20ஆம் பாட்டோ, வயாவுற்ற மகளிர் மண்ணை விரும்பி உண்ணுதலைக் குறிப்பிடுகிறது. சேர மன்னனது நாட்டு மண்ணைப் பகைவர் உண்ணுதல் இயலாது, கருவுற்ற மகளிரே உண்பர் என்பது அப் பாட்டின் கருத்து. மண் தின்னும் வேட்கை, குருதியில் இரும்புச் சத்துக் குறைதலோடு பெரிதும் தொடர்புடையது என இன்றைய மருத்துவம் கூறுகிறது. புலவர் நோய்க்குறி கூற முற்பட்டாரல்லர். எனினும் கண்டதைக் கண்டவாறே கூறினார். இன்று அவ் வேட்கையைக் காண்பார் அதனை மசக்கை என்று விடுத்தல் தகாது. குருதியைச் சோதித்தல் வேண்டும்.

கடுஞ்சூல் என்பதற்கு முதற்சூல் என்றும் பொருள் கொள்வர். முதற்சூலைத் தனியே பிரித்துக் காணும் இந் நோக்கின் பொருத்தத்தைப் பின்னர்க் காண்பாம்.

காவல் உடைய மனை

பேறு நிகழ்ந்த மனையின் தோற்றத்தை நற்றிணை 40ஆம் பாட்டு விரிவாகக் காட்டுகிறது. காவல் உடைய மனையில் மணி ஒலிக்கின்றது. மணல் பரப்பிய பந்தரில் காவல் அமைந்துள்ளது. ஒருபால் மகளிர் நற்சொல் கேட்க நிற்கின்றனர். மெல்லிய துணி விரித்த அணையில் புதல்வன் செவிலியோடு துயில்கின்றான். தாய், வெண்சிறு கடுகாகிய ஐயவி அணிந்து, நெய்யாடிய மேனியளாய்க் கண் அயர்கின்றாள். பரத்தையிற் பிரிந்த கணவன் அந் நள்ளிரவில் கள்வன்போல் வந்து புகுகின்றான் என்பது பாட்டின் உட்பொருள். நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது அதன் பின்னணியே. அம் மனையில் தாய் தனித்து விடப்படவில்லை. காவலர், முதுமகளிர், செவிலி என மூவகையார் உடனுளர். அணையும் துணியும் நெய்யும் ஐயவியும் கைக்கெட்டும் இடத்தில் உள்ளன. இவை பேறு நிகழ்ந்த பின்னர்த் தேடிப் பெறுவன அல்ல. முன்னரே ஈட்டி வைக்கத்தக்கன. நற்றிணை 370ஆம் பாட்டிலும் ஐயவியும் நெய்யும் ஈன்றாளது மனைக்கு அடையாளமாக வருகின்றன. தொல்காப்பியக் கற்பியலும் புதல்வனைப் பயந்தாளது நெய்யணியைக் குறிப்பிடுகின்றது.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. புறநானூறு 281, 296 ஆகிய பாட்டுகள், போரில் விழுப்புண்பட்ட வீரன் கிடக்கும் மனையைக் கூறுவன. ஆண்டும் வேம்பின் தழை செருகப்படுகின்றது. ஐயவி புகைக்கப்படுகின்றது அல்லது தூவப்படுகின்றது. ஈன்ற தாய்க்கும் புண்பட்ட மறவனுக்கும் ஒரே வகைக் காவலை நம் முன்னோர் அமைத்தனர். ஆகவே, பேற்றினை அவர்கள் இயல்பான நிகழ்ச்சி என எண்ணிக் கவலையின்றி விட்டாரல்லர். உயிருக்கு இடையூறு நேரக்கூடிய பொழுது என்றே கருதினர் என்பது பெறப்படும். பிள்ளை பெற்றுப் பிழைத்தல் மறுபிறப்பு என இன்றும் வழங்கும் கூற்று இக் கருத்தின் எச்சமே எனலாம்.

தாய்வீடும் காவிரி வெள்ளமும்

வளைகாப்பு இன்றும் பெரும்பாலும் ஒற்றைப்படைத் திங்களில், ஏழாவதிலோ ஒன்பதாவதிலோ நிகழ்வது. கைநிறைய வளை அணிவித்துப் பலவகைச் சோறு ஊட்டியபின், கருவுற்றவளைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்வர். தலைப்பேறு தாய்வீட்டில் நிகழ வேண்டும் என்பது பரவிய வழக்கு. இவ் வழக்கின் பயன் யாது? பேறு நெருங்குமுன், பயணம் செய்யத்தக்க நிலையில் உடல் இருக்கும்போதே, அவளை அறிந்த முதுமகளிர் உள்ள இடத்திற்கு அவள் சென்று சேர்கின்றாள். உழைப்பு குறைகின்றது, உணவு பேணப்படுகின்றது, பேறு பார்ப்பாளும் முன்னரே அறியப்படுகின்றாள்.

இவ் ஏற்பாடு தவறின் என்னாம் என்பதைத் திருச்சிராப்பள்ளித் தலவரலாறு காட்டுகிறது. நிறைசூல் எய்திய மகள் ஒருத்தி தாயின் வரவை நோக்கி இருந்தாள். பேற்றிற்கு வேண்டும் பொருள்களுடன் புறப்பட்ட தாய், காவிரியில் வெள்ளம் பெருகியமையால் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. இறைவனே தாய் வடிவில் வந்து பேறு பார்த்தான். வெள்ளம் வடிந்தபின் மெய்த்தாய் வந்து சேர இருவர் தாயர் நின்றனர். அது பற்றியே மலைக்கோட்டை இறைவன் தாயுமானவர் எனப் பெயர் பெற்றான் என்பர். சமய நம்பிக்கையை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. அக் கதையின் அடியில் உள்ள அச்சம் மக்களுடையது. துணை வரவேண்டிய வழி அடைபட்டால் சூலுற்றவள் என் செய்வாள் என்பதே அவ் அச்சம். தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூரில் கருக்காக்கும் அம்மையை வேண்டி ஆமணக்கெண்ணெய் பெற்றுச் செல்லும் வழக்கமும் இவ் அச்சத்தினின்று தோன்றியதே. துணையற்ற பேறு நம் மரபில் வேண்டப்பட்ட நிலையன்று. இறைவனே வந்து மாற்றவேண்டிய இடுக்கண் ஆகும்.

மரபு காக்க இயலாத இடம்

இவ்வளவு ஏற்பாடும் எல்லாரையும் காத்தன அல்ல. இதற்குச் சான்று ஏடுகளில் இல்லை. சாலை ஓரங்களில் உள்ளது. இரு கற்களை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளைத் தமிழகமெங்கும் காணலாம். வழிப்போவார் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுதற்கு அவை பயன்பட்டன. வயிற்றுச் சுமையை இறக்கி வையாமலே இறந்த மகளிர் நினைவாக அவற்றை எழுப்புதல் வழக்கம். அவள் இறக்காத சுமையைப் பிறர் இறக்கி வைத்தால் அவள் உயிர் அமைதி பெறும் என்பது நம்பிக்கை. மரபினைப் போற்றுவார் வளைகாப்பை மட்டும் கண்டு, சுமைதாங்கியைக் காணாது செல்லுதல் முறையன்று. இரண்டும் ஒரே மரபின் கூறுகளே.

தாயைப் போன்றே சேயும் இறந்தது. தொப்புட்கொடியை அறுக்கக் கைக்கு அகப்பட்ட அரிவாளையோ மூங்கிற் சிம்பையோ கொண்டனர். அறுத்த வாயில் சாம்பலும் சாணமும் இட்டனர். அதன்வழி இரணசன்னிக் கிருமி உட்புகுந்தது. பிறந்து சில நாட்களில் பாலுண்ண இயலாது உடல் விறைத்து இறந்த குழந்தைகளைப் பேய் பற்றியதாக எண்ணினர். கருவுற்ற மகளிர்க்கு இடும் தடுப்பூசியாலும் பேற்றிடத்துத் தூய்மையாலும் இந் நோய் அருகியது. இந்தியாவில் தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணசன்னி, பொதுநலச் சிக்கல் என்னும் நிலையினின்று நீங்கியதாக 2015ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பெற்றது.

பேறு பார்த்த மருத்துவச்சியர் பெரும்பாலும் முடிதிருத்தும் குடியைச் சார்ந்த மகளிராவர். ஊரார் அவர்தம் கையையே நம்பினர். ஆனால் அவர்க்குரிய மதிப்பை நல்கினாரல்லர். இயல்பான பேற்றில் அவர் திறம் போதியதாயிற்று. குழந்தை குறுக்கே கிடந்தாலும், குருதி நில்லாது பெருகினாலும் அவரால் செய்யக்கூடியது சிறிதே. திண்டிவனத்தில் ஓர் இரவில், பேற்றுத் துன்பத்தில் கிடந்த மூன்று மகளிர்க்கு உதவுமாறு மூன்று குடும்பத்தினர் ஒருவர்பின் ஒருவராக ஐடா ஸ்கடர் அம்மையாரிடம் வந்தனர். அப்போது அவர் மருத்துவம் கல்லாதவர். ஆடவராகிய மருத்துவரை அக் குடும்பத்தினர் ஏற்கவில்லை. மூவரும் இறந்தனர். அந் நிகழ்ச்சியே அவரை மருத்துவம் பயிலச் செய்தது. 1900ஆம் ஆண்டில் மருத்துவராகத் திரும்பி வந்து வேலூரில் அவர் தொடங்கிய பணியே பின்னர்ப் பெரிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

நான்கும் ஐந்தாவதும்

இனி, நிறைசூற் காலத்தே செய்யத்தக்க ஏற்பாடுகளைக் காண்பாம். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் (950) வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. பேறு நோயன்று, எனினும் இப் பகுப்பு பேற்று ஏற்பாட்டிற்கும் பொருந்துகின்றது. இந் நான்கனோடு தாயுமானவர் கதை அறிவுறுத்தும் வழி என்பதனை ஐந்தாவதாகச் சேர்த்துக் கொள்ளல் தகும்.

முதலாவது, சூலுற்றவள். இறுதி மாதவிடாயின் முதல் நாளினின்று 280 நாட்கள் என்பது பேற்றுநாட் கணக்கு. 37ஆம் வாரம் நிறைந்தபின் எந் நாளிலும் பேறு நிகழலாம். ஆகவே 36ஆம் வாரத்திற்குள் குழந்தையின் தலை கீழ்நோக்கி உள்ளதா என அறிந்து கொள்ளல் வேண்டும். ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் குருதியில் 11 கிராமிற்குக் குறைந்தால் அது குருதிச் சோகையாகும். குருதியழுத்தம் 140/90 என்னும் அளவை எட்டுமாயின் இடர் உண்டு. இவற்றுள் ஒன்று இருப்பினும், இரட்டைக் குழந்தைகளாயினும், முன்னர் வயிற்றைக் கீறிக் குழந்தை எடுக்கப்பெற்றிருப்பினும், நீரிழிவு இருப்பினும் மனைப்பேறு என்பதை எண்ணுதலும் கூடாது.

இரண்டாவது, பேறு பார்ப்பவர். அவர் முறையாகப் பயின்றவராதல் வேண்டும். மகளிர் உயிரிழப்பிற்குத் தலையாய காரணம் பேற்றின் பின்னர்ப் பெருகும் குருதியே. அதனைத் தடுக்கக் குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு ஆக்சிடாசின் என்னும் மருந்தினை 10 அலகு ஊசிவழிச் செலுத்துமாறு உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. குழந்தை மூச்சுவிடத் தாமதிப்பின் செய்ய வேண்டியதை அறிந்த கையும் வேண்டும். அன்பு மிக்க மாமியாராலும் துணிவு மிக்க கணவனாலும் இவை இயலா.

மூன்றாவது, பொருள்கள். துவைத்து வெயிலில் நன்கு உலர்த்திய பருத்தித் துணிகள், கழுவத்தக்க விரிப்பு, சோப்பு, கொதித்து ஆறிய நீர், உறை பிரிக்காத புதிய அலகு, கொடியைக் கட்டத் தூய நூல், கையுறை, மின்சாரம் நின்றால் உதவும் விளக்கு ஆகியன ஒரு பெட்டியில் முன்னரே அமைதல் வேண்டும். தூய கை, தூய விரிப்பு, தூய அலகு, தூய கட்டு, எதுவும் இடாத தூய கொடிமுனை என ஐந்து தூய்மையாக இதனைக் கற்பிப்பர். நற்றிணை கூறும் மெல்லிய அணை இன்றும் வேண்டுவதே. மூடிய அறையில் புகையிடுதல் மட்டும் குழந்தையின் மூச்சிற்கு ஆகாது; வேம்பினை வாயிலில் செருகுதலோடு அமையலாம்.

நான்காவது, உடனிருப்பார். சூலுற்றவள் நம்பும் ஒரு பெண் இறுதிவரை அருகில் இருத்தல் வேண்டும். மூத்த பிள்ளைகளைக் காப்பவர் யார், அடுப்பைக் காண்பவர் யார், தேவைப்படின் குருதி நல்குவோர் யார் என முன்னரே வரையறுத்தல் நன்று.

ஐந்தாவது, வழி. மருத்துவமனை எத்துணைத் தொலைவு, இரவில் ஊர்தி எவருடையது, மழைக்காலத்தில் ஆற்றைக் கடத்தல் கூடுமா, செலவிற்குரிய பணம் கையில் உண்டா என்பன உடன்படிக்கை போல் முடிவு செய்யப்படல் வேண்டும். தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணிற்கு உரிய ஊர்தி 2008ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. ஊர்தி ஏறாத மலையூர்களினின்று கருவுற்றவளைத் தூளி கட்டிச் சுமந்து இறக்கும் நிலையும் உண்டு. அத்தகையார் பேற்று நாளுக்கு முன்னரே வந்து தங்குதற்கென மலைப்பகுதி நலவாழ்வு நிலையங்களில் காத்திருப்பு அறைகள் அமைக்கப்பெற்றுள்ளன. நோக்கின் அளவில் இது தாய்வீட்டு வழக்கின் புதிய வடிவமே.

வழி என்பது பேறு பார்ப்பவர் இல்லாதார்க்கு மட்டும் உரியதன்று. பயின்ற செவிலியரைக் கொண்டு மனைப்பேறு முறையாக நிகழும் நாடுகளுள் இங்கிலாந்து ஒன்று. இடர் குறைந்தவராகக் கருதப்பட்ட மகளிரைப் பற்றி ஆண்டு நிகழ்ந்த பேரளவு ஆய்வு 2011இல் வெளிவந்தது. மனையில் ஈனத் திட்டமிட்ட முதற்சூல் மகளிருள் நூற்றுக்கு 45 பேர், பேற்றிடையிலோ பேறு முடிந்த உடனேயோ மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். முன்னர் ஈன்றவருள் அவ்வாறு மாற்றப்பட்டவர் நூற்றுக்கு 12 பேரே. முதற்சூல் மகளிர்க்கு மனைப்பேற்றில் குழந்தைக்கு நேரும் இடரும் சிறிது மிகுதி என அவ் ஆய்வு கண்டது. கடுஞ்சூல் என முதற்சூலைத் தனித்துக் கூறி, அதற்கெனத் தாய்வீட்டை வகுத்த நம் முன்னோரின் கருத்து இதனால் வலியுறுதல் காண்க.

காலம் தாழ்த்தலாகாத குறிகள்

நிறைசூற் காலத்திலும் பேற்றின் போதும் சில குறிகள் தோன்றின், எத்துணை ஏற்பாடு இருப்பினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். குருதிப் போக்கு; கடுந் தலைவலியும் பார்வை மங்கலும்; முகமும் கையும் திடீரென வீங்குதல்; வலிப்பு; காய்ச்சல்; குழந்தையின் அசைவு குறைதல்; பனிக்குடம் உடைந்தும் வலி தோன்றாமை; உடைந்த நீர் பசுமை கலந்து இருத்தல்; கொடியோ கையோ காலோ முதலில் வெளிப்படுதல் என்பன அவை. குழந்தை பிறந்து அரைமணி நேரமாகியும் நஞ்சுக்கொடி வெளிவராமையும், பேற்றின் பின்னர்க் குருதி அரை லிட்டருக்கு மேற் செல்லுதலும் அவ்வாறே கொள்ளப்படும்.

குழந்தை பிறந்தபின், துடைத்து உலர்த்தித் தாயின் மார்போடு அணைத்து வைத்தல் வேண்டும். முதல் ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டல் நன்று. முதலில் சுரக்கும் சீம்பாலைக் கறந்து எறிதலும், சீனிநீரைச் சேனையாக ஊற்றுதலும் கைவிடத்தக்கன. குளிப்பாட்டுதலை ஒரு நாள் கழித்தே செய்தல் வேண்டும். தாய்க்குச் சுக்கும் மிளகும் சேர்ந்த பத்திய உணவு இடுதலில் தடையில்லை; ஆனால் நீரையும் காய்கறியையும் மறுத்தல் தீங்காம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன வருமாறு. தமிழ் மரபு பேற்றினை இடர் நிறைந்த பொழுதாகவே கண்டது. அதனால் காவலும் துணையும் பொருளும் முன்னரே அமைத்தது. துணையற்ற பேற்றை அம் மரபு துன்பமாகக் கருதியதேயன்றி உயர்வாகக் கூறவில்லை. தன் ஆற்றலுக்கு மேற்பட்ட இடத்தில் அது தோற்றது. அத் தோல்வியை மறையாது கல் நட்டுக் காட்டியது.

தமிழ்நாட்டில் 2018–20ஆம் ஆண்டுகளில், உயிரோடு பிறக்கும் ஓர் இலக்கம் குழந்தைகளுக்கு 54 தாய்மார் என்னும் அளவிற்கு இறப்பு குறைந்தது. அக் காலத்து இந்தியா முழுவதற்கும் உரிய எண் 97 ஆகும். 54 என்பதும் சிறிதன்று; ஒவ்வொன்றும் ஒரு மனை இருளாதலைக் குறிக்கும். ஆகவே, மருத்துவமனையை அடையத்தக்கார் ஆண்டுச் சென்று ஈனுதலே தக்கது. வெள்ளத்தாலோ தொலைவாலோ விரைந்து வந்த வலியாலோ மனையிலேயே ஈன நேரிடும் என்பதால், மேற்கூறிய ஐந்து ஏற்பாடும் எல்லா மனையிலும் ஒன்பதாம் திங்களுக்கு முன்னரே நிறைவுறல் வேண்டும். வளைகாப்பு நாளில் சுற்றத்தார் அனைவரும் ஓரிடத்தில் கூடுவர். யார் துணை, எவ்வூர்தி, எம் மருத்துவமனை என்பனவற்றை அந் நாளிலேயே முடிவு செய்தல், அச் சடங்கின் பழம்பொருளுக்கு முற்றும் இயைந்ததாகும்.